துணைக்கால்

பாகாயம் பட்டறையில் என் வேலை
அளவெடுப்பது, அட்டையில் எழுதுவது,
பிளாஸ்டர் காயும்வரை பேச்சுக் கொடுப்பது.
பேச்சுதான் சிக்கல்.

பாங்குராவிலிருந்து வந்தவர் ஹாராதன் மாஜி.
செங்கல் லாரி ஏறி
இடது முழங்காலுக்குக் கீழே ஒன்றுமில்லை.
பாபுராவ் தெரு லாட்ஜில் மண்ணெண்ணெய் அடுப்போடு அறை,
எங்கள் மீன் அவருக்குப் பிடிக்கவில்லை.
தினமும் பத்து மணிக்கு வாசலில் நின்று
ஒரே ஒரு சொல் கேட்பார்:
"கால்?"

தமிழ் கற்றுக்கொண்டாரே என்று மகிழ்ந்து
நானும் தலையாட்டுவேன்: "கால், கால்."
திருப்தியாகப் போய்விடுவார்.
மறுநாள் பத்து மணி. "கால்?"
"கால்."
ஒன்பது நாள்.
இருவரும் ஒரு பொய்கூடச் சொல்லவில்லை.

பத்தாம் நாள் ஆட்டோ இர்ஷாத் எட்டிப் பார்த்துச் சிரித்தார்.
"மேடம், அவங்க பாஷையில அது நாளைக்கு.
நேத்துன்னாலும் அதேதான்.
எங்க வூட்ல கல்-னு குட்டையா சொல்வோம்."
நேற்றும் நாளையும் ஒரே சொல் என்றால்
கடனை எப்படி வசூலிக்கிறீர்கள்?
"கடைசி எழுத்தைக் கேக்கணும்.
தா-ன்னு முடிஞ்சா போனது,
கா-ன்னு முடிஞ்சா வர்றது."

அன்று மதியம் ரெசின் கலக்கும்போது
கையில் வேலை, வாயில் அந்தச் சொல்.
கால் கிலோ தக்காளி. நாலில் ஒன்று கால்:
மாட்டைப் பார்த்து எண்ணியவன் எவனோ.
பழைய செய்யுளில் காற்றுக்கும் அதே பேர்.
பாலாற்றில் தண்ணீர் வந்தக்கால் வாய்க்கால்;
அந்த வந்தக்காலிலும் ஒரு கால்,
வருமோ வராதோ என்று நொண்டிக்கொண்டு.
ஊன்றுகோல் இரண்டு, மிச்சமிருக்கும் ஒன்று,
ஆக ஹாராதன் முக்கால்.
முழங்காலோடு நின்றுபோனது அரைக்கால்;
பள்ளிக்கூடத்தில் அதை
எட்டில் ஒன்று என்று சொல்லித்தந்தார்கள்.

சூடான பிளாஸ்டிக் பட்டு
குடியாத்தம் நாகபூஷணம் குதித்தாள்:
"காலு காலிந்தி!"
கால் சுட்டது என்று அர்த்தம்.
அவள் தெலுங்கில் அதுவே உறுப்பு, அதுவே எரிச்சல்.
பர்னால் தடவும்போதும் நான் அதையே யோசித்தேன்,
என்னைத் திட்டினாள்.

எல்லாம் ஒரே வேரா?
இல்லை, வெவ்வேறு ஊரிலிருந்து வந்து
ஒரே வாசலில் செருப்பு விட்டவையா?
இரண்டு அகராதி புரட்டினேன்.
காலம் வடக்கிலிருந்து வந்தது என்றது ஒன்று.
நம்முடையதேதான் என்றது இன்னொன்று.
நான் எந்தக் கட்சியும் இல்லை.
வெளியிலிருந்து வந்த காலில்
ஆள் நடக்கிறானா என்று பார்ப்பது என் உத்தியோகம்.

பதினெட்டாம் நாள் பட்டையை இறுக்கி
இரண்டு கம்பிகளுக்கு நடுவே
ஐந்து எட்டு வைத்தார்.
மூன்றாவதில் தடுமாறி, கெட்ட வார்த்தை ஏதோ சொல்லி,
ஐந்தாவதில் திரும்பிப் பார்த்து:
"கால் கேலோ. கால் ஆஷ்பே."
நேற்று போயிற்று, நாளை வரும்;
இர்ஷாத் சொல்லித்தான் தெரியும்.
எனக்குக் கேட்டது
கால் போச்சு, கால் வரும்.
எங்கேயும் உராயாமல் இப்படிப் பொருந்துகிற சாக்கெட்டை
பதினோரு வருஷத்தில் நான் செய்ததில்லை.

பதிவேட்டில் கையெழுத்துப் போட்டுவிட்டு
அந்தச் சொல்லையும் எழுதிக் காட்டினார்.
கொக்கி போல ஓர் எழுத்து,
பக்கத்தில் நெட்டுக்குத்தாக ஒரு கோடு.
எங்கள் கா-வுக்கும் ஒன்று நிற்கிறது பக்கத்தில்,
அதன் பேர் துணைக்கால் என்று
அவருக்கு எப்படிச் சொல்ல?
பேனாவால் அதை மறைத்துக் காட்டினேன்.
கல்.
இர்ஷாத் வீட்டுக் குட்டைச் சொல்.
ஹாராதன் என் விரலைத் தள்ளிவிட்டார்.

இந்நேரம் காட்பாடியில் ரயில் ஏறியிருப்பார்.
ரெசின் தீர்ந்துவிட்டது.
சௌகார்பேட்டை சேட்டுக்குப் போன் போட்டேன்,
லோடு எப்போது என்று.
இரைச்சலுக்கு நடுவே "கல்" என்றார்.
தா-வா கா-வா கேட்பதற்குள்
லைன் போய்விட்டது.